வெளிவராத படைப்பும் உடைமையுரிமையும்

தான் எழுதிய நூலைத் தானே தீயிலிட்ட எழுத்தாளனைப் பற்றிக் கேள்விப்படும்போது நாம் வருந்துகின்றோம். ஆயினும் அஃது அவனுடைய உரிமையென்று ஒப்புக்கொள்கின்றோம். அவனுடைய தீர்ப்புத் தவறாக இருக்கலாம். தீர்ப்பு வழங்கியவன் படைத்தவனே என்பதில் ஐயமில்லை. ஆனால், பலர் கூடி ஆண்டுக்கணக்காக உழைத்து முடித்த ஒரு படைப்பை, அவ்வுழைப்பிற்குக் கூலி கொடுத்த நிறுவனம் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடும்போது, அதைப்பற்றி நாம் அறிவதே அரிது. அறிந்தாலும் அது வியாபார விஷயமென்று விட்டுவிடுகின்றோம். இவ்விரு செயல்களுக்குமிடையே உள்ள வேறுபாடு சமுதாய நோக்குடைய விமர்சகனின் கவனத்துக்கு உரியது. அதனை விளக்குதற்கு நாம் எடுத்துக்கொள்வது ஒரு வீடியோ விளையாட்டு. 1995ஆம் ஆண்டிலே செய்து முடிக்கப்பட்டு, கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு, 22 ஆண்டுகள் கழிந்தபின் 2017இல் வெளிப்போந்த ‘ஸ்டார் ஃபொக்ஸ் 2’ என்பதே அது.

இலக்கிய ஏடொன்றிலே வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கக்கூடும். சினிமாவைக் குறித்தும் ஒருகாலத்தில் இதே வினா எழுப்பப்பட்டது. சினிமா கலையா, களியாட்டமா என்று பண்டிதர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, மக்கள் அதனைப் பார்த்துக்கொண்டே இருந்தனர். முதலாளிகள் அதனாற் பொருளீட்டிக்கொண்டே இருந்தனர். விமர்சகன் வாய்மூடி நின்ற வெளியை விளம்பரக்காரன் நிரப்பினான். இன்று எமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவரிற் பலர், பாடநூலுக்கு வெளியே கதையையும் காட்சியையும் இசையையும் முதன்முதலிற் சந்திப்பது இவ்விளையாட்டுக்கள் வாயிலாகவே. அவற்றை ஆக்குவோர் யார், அவை எவ்வாறு ஆக்கப்படுகின்றன, எவருடைய தீர்ப்பினால் வெளிவருகின்றன அல்லது வெளிவராது ஒழிகின்றன என்பனவற்றை ஆராய்வது எமது கடமைக்குப் புறம்பானதாகாது.

முதலிற் களத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். யப்பானிய நிறுவனமாகிய நின்டென்டோ, 1990 நவம்பரிலே தன் நாட்டில் ‘சூப்பர் ஃபாமிகொம்’ என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியை விற்பனைக்கு விட்டது. மேற்கு நாடுகளில் அது ‘சூப்பர் நின்டென்டோ’ என்ற பெயரைப் பெற்றது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து இயக்கப்படும் இக்கருவியில் ஏறத்தாழ 4 கோடியே 90 இலட்சம் உலகெங்கும் விலைபோயின. விளையாட்டுக்கள் தனித்தனிக் கார்ட்ரிஜ்களில் அடங்கியிருந்தன. கருவியினுள்ளும் கார்ட்ரிஜினுள்ளும் அமைக்கப்பட்ட ஒரு பூட்டுச் சிப், நின்டென்டோவின் அனுமதி பெறாத கார்ட்ரிஜை இயங்கவிடாது தடுக்கும். இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஓர் அச்சகம் மறுத்தால் எழுத்தாளன் இன்னோர் அச்சகத்தை நாடலாம். கடன்பட்டுத் தானே அச்சிட்டுத் தெருவில் நின்று விற்கவும் கூடும். இங்கு அத்தகைய வழியில்லை. வாசல் ஒன்று, அதன் திறவுகோலும் ஒருவர் கையிலேயே இருந்தது.

அந்நாளில் இலண்டனில் இயங்கிய ஆர்கோநோட் என்னும் சிறு நிறுவனத்திற் சில இளைஞர்கள் வேலைசெய்தனர். ஜெஸ் சான் என்பவர் 1982இல் தொடக்கிய நிறுவனம் அது. பொருள்களை முப்பரிமாணத்திற் காட்டும் கணிதத்தில் அவர்கள் வல்லவர்கள். சூப்பர் நின்டென்டோவின் மூளையோ அத்தகைய கணிப்புக்குப் போதிய விரைவு கொண்டதன்று. ஆகவே அவர்கள் ‘சூப்பர் எஃப்எக்ஸ்’ எனப்பட்ட தனிச் சிப் ஒன்றை வடிவமைத்தனர். அதனைக் கார்ட்ரிஜினுள்ளேயே பொருத்தி, கருவியால் ஆகாத வேலையைக் கார்ட்ரிஜைக் கொண்டு செய்வித்தனர். ஆங்கில இளைஞர் சிலர் கியோட்டோ நகருக்குச் சென்று நின்டென்டோவின் யப்பானியக் கலைஞரோடு சேர்ந்து உழைத்தனர். அவ்வுழைப்பின் பயனே 1993இல் வெளியான ‘ஸ்டார் ஃபொக்ஸ்’. நரி, பருந்து, முயல், தவளை என்னும் பிராணிகள் விண்கலம் ஓட்டும் வீரராய் வரும் அவ்விளையாட்டு பெருவெற்றி பெற்றது. முதலாவது வெற்றி கண்டதும் இரண்டாவது தொடங்கப்பட்டது. செய்நிரல் எழுதும் பணிக்கு டிலன் கத்பெர்ட் தலைமை தாங்கினார். கட்சுயா எகுச்சி இயக்கினார். ஷிகேரு மியாமொட்டோ மேற்பார்வை செய்தார். திருத்தி வலுப்படுத்தப்பட்ட சிப் ஒன்றும் அதற்கெனக் கிடைத்தது. 1995 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அவ்விளையாட்டுக் காட்டப்படவுஞ் செய்தது.

படைப்பைப் பாராது அதன் வரலாற்றை மட்டும் பேசுவது விமர்சனமாகாது. ஆகவே, இவ்விளையாட்டு உண்மையில் எத்தகையது என்பதை நோக்குவோம்.

முதலாவது ‘ஸ்டார் ஃபொக்ஸ்’ தண்டவாளத்தில் ஓடும் வண்டியைப் போன்றது. விண்கலம் முன்னோக்கியே செல்லும். வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கும். எதிர்ப்படுவனவற்றைச் சுடுவதும் மோதாது விலகுவதுமே ஆடுபவனின் வேலை. எதனை முதலிற் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது என்று அவன் சிந்திக்கவேண்டியதில்லை. இரண்டாவது விளையாட்டு இவ்வமைப்பைத் தலைகீழாக்கியது. இங்கு ஆடுபவன் முன்னே ஒரு விண்வெளி வரைபடம் விரிகின்றது. ஒரு மூலையிலே கொர்னேரியா என்னும் தாய்க்கோள். மறுபுறத்தே பகைவனாகிய அண்ட்ரொஸ்ஸின் கோட்டை. இடையிலே பகைவன் கைப்பற்றிய கோள்களும், போர்க்கப்பல்களும், கொர்னேரியாவை நோக்கிப் பாயும் ஏவுகணைகளும். ஆடுபவன் தன் வீரரை எங்கே அனுப்புவது என்று தானே தீர்மானிக்க வேண்டும். அவன் ஓரிடத்திற் போரிடும்போது ஏனைய இடங்களிற் காலம் நின்றுவிடுவதில்லை. தொலைவிலுள்ள பகைவர் தளத்தினுட் புகுந்து வெற்றிகொள்ளும் தறுவாயில், ஏவுகணையொன்று தாய்க்கோளை நெருங்கிவிட்டதென்ற செய்தி வரும். கையிலுள்ள வெற்றியை முடித்துக்கொள்வதா, அன்றி விட்டுவிட்டுத் திரும்புவதா? கொர்னேரியாவின் சேதம் நூறு வீதத்தை எட்டினால், வீரர் எத்துணைத் திறமையுடன் போரிட்டிருந்தாலும் ஆட்டம் தோல்வியே.

இதனை வெறும் உத்தி மாற்றமாகக் கொள்ளலாகாது. முன்னையதிலே வீரம் என்பது தனியாள் ஒருவனின் கைத்திறன். பின்னையதிலே அது பொறுப்பு. முன்னையதிலே வீட்டைக் காக்கவேண்டும் என்பது கதைக்கு முன்னே எழுதப்பட்ட ஒரு வாசகம் மட்டுமே; பின்னையதிலே அது விநாடிதோறும் கூடிச்செல்லும் ஓர் எண். உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று தழுவி நிற்றல் வேண்டும் என்று இலக்கியத்தைப் பற்றி நாம் கூறிவருவதை, 1995ஆம் ஆண்டின் இவ்விளையாட்டு தன் துறையிலே சாதிக்க முயன்றிருக்கின்றது. ஆடுபவன் ஆறு வீரருள் இருவரைத் தெரிந்தெடுக்கின்றான். ஒருவருக்குச் சேதம் மிகுந்தாற் மற்றவர் பணியைத் தொடர்கின்றார். அவ்வறுவருள் மியு, ஃபே என்னும் பெண்கள் இருவரும் உளர். முதலாவது விளையாட்டின் வீரர் நால்வரும் ஆண்களே என்பதை நோக்கும்போது இதுவும் ஒரு முன்னேற்றமே. பறக்கும் கலம் இருகால் இயந்திரமாக உருமாறித் தரையிலே நடந்து, தளங்களின் உட்புறத்தை ஆராய்கின்றது. முப்பரிமாண வெளியில் எத்திசையிலும் திரும்பிப் போரிடும் சுதந்திரமும் இங்கு உண்டு.

குறைகளும் இல்லாமலில்லை. சிப்பின் ஆற்றலுக்கு மீறிய வேலையை அதனிடம் வாங்கியமையாற் காட்சிகள் தடங்கித் தடங்கி அசைகின்றன. பழகிய ஒருவர் ஒரு மணிநேரத்துக்குள் ஆட்டத்தை முடித்துவிடலாம். பகைவனின் இயல்பிலோ போரின் காரணத்திலோ ஆழமான நோக்கு எதுவும் இல்லை. நல்லவர் தீயவர் என்ற பழைய பிரிவினையே இங்கும். எனினும், கட்டுப்பாடுமிக்க ஒரு கருவியினுள் நின்று அதன் எல்லையைத் தள்ளிப் பார்க்கும் துணிவு இதன் ஒவ்வோர் உறுப்பிலும் புலனாகின்றது. முழுமை பெற்ற பெரும்படைப்பென்று நாம் இதனைக் கூறவில்லை. ஆயினும், வெற்றிபெற்ற முன்னையதைப் பிரதிசெய்து விற்றிருக்கக்கூடிய நிலையிலே அவ்வாறு செய்ய மறுத்தவர்களின் படைப்பு இஃது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய படைப்பு ஏன் வெளிவரவில்லை? விளையாட்டு முடிக்கப்படவில்லை என்று ஒருவர் எண்ணலாம், அது முடிக்கப்பட்டிருந்தது. குறைபாடு மிகுந்திருந்தது என்று எண்ணலாம், அதுவுமன்று. காரணம் சந்தையிலே இருந்தது. 1994இன் இறுதியிலே சேகா நிறுவனத்தின் ‘சாட்டர்ன்’ கருவியும் சோனியின் ‘பிளேஸ்டேஷன்’ கருவியும் யப்பானில் வெளிவந்தன. முப்பரிமாணக் காட்சியில் இவை சூப்பர் நின்டென்டோவை எட்டாத் தொலைவிற் பின்தள்ளின. நின்டென்டோ தன் அடுத்த கருவியாகிய ‘நின்டென்டோ 64’ஐ ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தது, அது 1996 ஜூனில் யப்பானில் வெளியாயிற்று. பழைய கருவியின் முப்பரிமாண விளையாட்டுக்கும் புதிய கருவியின் முப்பரிமாண விளையாட்டுக்கும் இடையே தெளிவானதொரு பிரிவு இருத்தல் வேண்டுமென மியாமொட்டோ விரும்பினார் என்று கத்பெர்ட் பிற்காலத்தில் விளக்கியிருக்கின்றார். புதிய சரக்கு புதிதாகத் தோன்றவேண்டுமாயிற் பழைய சரக்கின் சிறந்த மாதிரி கண்ணிற் படலாகாது. புதுமை என்னும் தோற்றத்தைப் படைப்பதற்காக, உண்மையான புதுமையொன்று பலியிடப்பட்டது.

இவ்விடத்திலே எதிர்வாதங்களைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. மியாமொட்டோ கணக்கெழுதும் மேலாளர் மட்டுமல்லர். இத்துறையின் முதன்மையான கலைஞருள் ஒருவர். அவருடைய முடிவிலே கலைநோக்கும் கலந்திருக்கலாம் அல்லவா என்று கேட்கலாம். கலந்திருக்கலாம். ஆனால், அக்கலைஞர் அந்நேரத்தில் வகித்த இடம் யாது? தன் கையெழுத்துப் பிரதியைத் தீயிலிடும் ஆசிரியனின் இடமன்று. பிறர் எழுதிய பிரதியைத் தடுத்துவைக்கும் வெளியீட்டாளரின் இடமே. ஒரே மனிதருள் கலைஞனும் நிறுவனமும் சேர்ந்திருக்கும்போது, பேசுவது எவர் என்பதைக் காரணத்தைக் கொண்டே அறியவேண்டும். படைப்பின் உட்குறையைக் காட்டித் தடுத்திருந்தால் அது கலைஞனின் குரல். அடுத்த ஆண்டுச் சரக்கின் நலனைக் காட்டித் தடுத்தமையால் அது நிறுவனத்தின் குரல் என்றே நாம் கொள்ளவேண்டியிருக்கின்றது.

இரண்டாவது வாதம் இன்னும் எளியது: பணம் போட்டவன் விரும்பினால் விற்பான், விரும்பாவிட்டாற் பூட்டிவைப்பான், சம்பளம் வாங்கியவருக்கு என்ன நட்டம்? இவ்வாதம் உழைப்பாளி சம்பளத்துக்காக மட்டுமே உழைக்கின்றான் என்ற எடுகோளில் நிற்கின்றது. கட்டிய பாலத்தின் மீது மக்கள் நடக்கவேண்டும் என்ற விருப்பம் கூலிக்குக் கட்டிய மேசனுக்கும் உண்டு. உழைப்பின் விளைவு உழைத்தவனுக்கு அந்நியமாகிவிடுகின்றது என்பதை ஆலைத் தொழிலைக் கொண்டே பெரும்பாலும் விளக்குவர். இங்கு அந்நியமாதல் அதன் எல்லைக்கே சென்றிருக்கின்றது. ஆலைத் தொழிலாளி தான் நெய்த துணியைப் பிறர் உடுத்தியிருக்கக் காணலாம். இங்கே உழைத்தவர், தாம் உழைத்தது உண்டு என்பதற்கே சான்றின்றி நின்றனர்.

மூன்றாவது வாதம் நுட்பமானது. ‘ஸ்டார் ஃபொக்ஸ் 2’இலே பரீட்சிக்கப்பட்ட எண்ணங்கள் வீண்போகவில்லை என்பர். எத்திசையிலும் திரும்பிப் போரிடும் முறை 1997இன் ‘ஸ்டார் ஃபொக்ஸ் 64’இலே இடம்பெற்றது. வரைபடத்தின்மீது திட்டமிடும் முறை 2006இன் ‘ஸ்டார் ஃபொக்ஸ் கொமாண்ட்’ விளையாட்டிலே மீண்டும் வந்தது. பின்னையதை ஆக்கியது, கத்பெர்ட் கியோட்டோவிலே பின்னர் நிறுவிய கியூ-கேம்ஸ் நிறுவனமே. இவை உண்மை. ஆயினும், வெளிவராத காவியமொன்றின் உவமைகளை எடுத்து வேறு நூல்களிற் செருகிவிட்டாற் காவியம் வெளிவந்ததாகுமா? மியுவும் ஃபேயும் 1997இன் விளையாட்டிலே இல்லை. பொறுப்பும் காலநெருக்கடியும் ஒன்றாய்ப் பிணைந்த அந்த முழுமையும் அதில் இல்லை. அங்கு தாய்க்கோளைக் காத்தல் மீண்டும் கதையின் வாசகமாகவே போயிற்று. உறுப்புக்களைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாம் என்பது இயந்திரப் பாகங்களுக்குப் பொருந்தும் நியாயம்.

இது தனியொரு விபத்தன்று என்பதற்கு அதே கருவிக்கென ஆக்கப்பட்ட வேறிரு விளையாட்டுக்களைக் குறிப்பிடலாம். யப்பானியக் கலைஞர் தோஷியோ இவாய், ‘சவுண்ட் ஃபன்டசி’ என்னும் விளையாட்டை நின்டென்டோவுக்காக ஆக்கினார். திரையிலே இட்ட வண்ணப் புள்ளிகளின் மீது சிறு பூச்சிகள் ஊர்ந்து செல்ல, புள்ளிக்கேற்ப ஓசை எழும். வரைந்த சித்திரமே இசையாகும். கொலையும் போரும் இல்லாத, சிறுவர் தாமே இசையமைக்கக்கூடிய இவ்வாக்கமும் முடிந்த நிலையிற் கைவிடப்பட்டது. ஆனால் இவாய் முன்னரே தனிக்கலைஞராய்ப் பெயர்பெற்றவர். பூச்சிகளின் இசை என்னும் அவ்வெண்ணத்தை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள எக்ஸ்புளோரடோரியம் என்னும் அறிவியற் காட்சிச்சாலையிலே அவர் உருவாக்கிக் காட்டியிருந்தார். ஆகவே 1996இல் அதனை ‘சிம்ரியூன்ஸ்’ என்ற பெயரிற் கணினிக்கு எடுத்துச்செல்ல அவராற் கூடியது. 2005இல் ‘எலெக்ட்ரோபிளாங்டன்’ என்னும் விளையாட்டை நின்டென்டோவின் கைக்கருவிக்கே ஆக்கவும் கூடியது. நிறுவனத்துக்கு வெளியே காலூன்ற ஓரிடம் உள்ள கலைஞன் தன் எண்ணத்தையேனும் தூக்கிக்கொண்டு நடக்கின்றான். மாதச் சம்பளத்திற் செய்நிரல் எழுதுபவனுக்கு அத்தகைய இடம் பெரும்பாலும் கிடையாது.

மற்றையது அமெரிக்காவைச் சார்ந்தது. ஜனாதிபதி கிளின்டனின் வீட்டுப் பூனையைக் கதாநாயகனாக்கி, அரசியல்வாதிகளைக் கேலிசெய்து புனைந்த ‘சொக்ஸ் த கற்’ விளையாட்டு அது. ஆழ்ந்த அங்கதமன்று; ஆயினும் அக்காலத்துச் சிறுவர் விளையாட்டுக்களிலே காணக்கிடையாத ஒரு துணிவு அதிலே இருந்தது. அதனை வெளியிடவிருந்த கனெக்கோ நிறுவனம் தன் அமெரிக்கக் கிளையை மூடிவிட்டது. முடிந்த விளையாட்டு அநாதையாயிற்று. அதன் மாதிரிக் கார்ட்ரிஜ் பல ஆண்டுகள் தனியார் சேகரிப்பாளர் கையிலிருந்து, ஆர்வலர்கள் பணம் சேர்த்து உதவியதன் பயனாக 2018இல் வெளிவந்தது. வெளியிடப்படாத படைப்பு முதலிற் பயனற்ற சரக்காகின்றது; பின்னர் அருமை காரணமாகவே விலைமதிப்புள்ள வேறொரு சரக்காகின்றது. எவரும் ஆடாதிருப்பதே அதன் மதிப்பு என்றாகிவிடுகின்றது. ஒரு விளையாட்டுக்கு இதனினும் கொடிய கதி வேறில்லை.

‘ஸ்டார் ஃபொக்ஸ் 2’க்குத் திரும்புவோம். அது பெட்டகத்திலே கிடந்த காலத்தில், அதன் மாதிரிப் பிரதிகள் எவ்வாறோ வெளியே கசிந்து இணையத்திற் பரவின. பெயர் விரும்பாத ஆர்வலர்கள் அவற்றைச் சீர்செய்தனர், யப்பானிய வாசகங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர், ஊதியமின்றிப் பாதுகாத்தனர். சட்டத்தின் கண்ணிலே அவர்கள் குற்றவாளிகள். ஆயினும், அவ்விளையாட்டைப் பற்றிய நினைவு அழியாதிருந்தமைக்கு அவர்களே காரணர். 2017 செப்டெம்பரில் நின்டென்டோ தன் பழைய கருவியின் சிற்றுருவொன்றை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு விட்டது. 21 விளையாட்டுக்கள் அடங்கிய அதன் விலை அமெரிக்காவில் 80 டொலர். அவற்றுள் ஒன்று, அதுவரை வெளிவராத ‘ஸ்டார் ஃபொக்ஸ் 2’. விளம்பரங்களிலே அதற்கே முதன்மை. 2018 மார்ச் மாதத்திற்குள் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் விலைபோயின. 2019 டிசம்பரில் அதே விளையாட்டு சந்தா செலுத்துவோருக்கான இணையச் சேவையிலே சேர்க்கப்பட்டது.

இதனைப் பரிகாரம் என்று கொண்டாடியோர் பலர். படைப்பு மக்களை அடைந்தது குறித்து நாமும் மகிழ்கின்றோம். ஆனால், அதனை மறைப்பித்த நியாயமும் வெளிப்படுத்திய நியாயமும் ஒன்றே என்பதை மறந்துவிடலாகாது. 1995இலே அதனை மறைப்பது விற்பனைக்கு உதவிற்று. 2017இலே அதனைக் காட்டுவது விற்பனைக்கு உதவிற்று. இடையில் இலண்டனின் ஆர்கோநோட் 2004இல் வீழ்ந்து மூடப்பட்டது. 22 ஆண்டு மௌனமும் ஈற்றிலே முதலாகிவிட்டது. கலையின் காலக்கணக்கிலே அவ்வாண்டுகளை யாராலும் திருப்பித் தரமுடியாது. 1995இல் வெளிவந்திருந்தால் பிறர் கற்றிருப்பர், மறுத்திருப்பர், மேலும் வளர்த்திருப்பர். 2017இலே அது பழம்பொருள். சமகாலத்தவரோடு உரையாடும் உரிமை அதற்கு மறுக்கப்பட்டுவிட்டது. ஒரு படைப்புக்கு இழைக்கப்படும் அநீதிகளுள் இதுவே பெரிது என்பது எமது கருத்து.

வெளிவராதவற்றைப் பற்றி எழுதுவோர் இரு தவறுகளுக்கு ஆளாகின்றனர். மறைக்கப்பட்டது யாவும் மாணிக்கமே என்று போற்றுவது ஒன்று. சந்தை தள்ளியது யாவும் தள்ளத்தக்கதே என்று தூற்றுவது மற்றொன்று. இரண்டும் படைப்பை நோக்காத பார்வைகளே. கைவிடப்பட்டவற்றுள் அரைகுறைகளும் வெறும் போலிகளும் ஏராளமாக இருக்கும். ஆனால் எது மாணிக்கம், எது கல் என்று தெரிவதற்கே அது முதலிற் கண்முன் வைக்கப்படவேண்டுமல்லவா? நாம் கேட்பது, மதிப்பிடும் வாய்ப்பு மறுக்கப்படலாகாது என்பதே.

இவ்வாய்ப்பு எத்துணைக் குறுகியது என்பதைச் சில செய்திகள் உணர்த்தும். அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவகம் 2023இலே ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010க்கு முன்னர் வெளியான விளையாட்டுக்களில் 87 வீதமானவை இப்போது கடையிற் கிடைப்பதில்லை என அது காட்டிற்று. முறையாக வெளிவந்தவற்றின் கதியே இதுவாயின், வெளிவராதவற்றைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? நூலகங்கள் தாம் பாதுகாக்கும் பழைய விளையாட்டுக்களைத் தொலைவிலுள்ள ஆய்வாளருக்கு இணையவழி காட்ட அனுமதிக்கவேண்டும் என்ற கோரிக்கை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தின் முன் வைக்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் அக்கோரிக்கை மறுக்கப்பட்டது. நூலொன்றை நூலகத்திற் கேட்டுப் படிக்கலாம். விளையாட்டொன்றை ஆராய விரும்பும் மாணவன் ஒன்றிற் செல்வனாயிருக்கவேண்டும், அன்றேற் சட்டத்தை மீறவேண்டும். சட்டத்தை மதிக்கும் ஏழை மாணவனுக்கு இடமில்லை.

செய்யத்தக்கது யாது? அச்சிட்ட நூலின் பிரதியைத் தேசிய நூலகத்துக்கு அளிப்பது பல நாடுகளிற் சட்டமாயிருக்கின்றது. முடிவுற்ற விளையாட்டுக்கும் அத்தகைய கடப்பாடு வேண்டும். வெளியிடாது நிறுத்தப்பட்டதாயின் அதற்கு இது மும்மடங்கு வேண்டும். குறித்த சில ஆண்டுகளுக்குள் நிறுவனம் வெளியிடாவிடின், வெளியிடும் உரிமை உழைத்தவர்களிடம் மீளவேண்டும். வெளிவந்தாலும் வராவிட்டாலும், ஆக்கியோரின் பெயர்கள் படைப்போடு பதிவாதல் வேண்டும். இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல; எழுத்தாளர்களும் அச்சுத் தொழிலாளரும் தத்தம் துறையிலே போராடிப் பெற்ற உரிமைகளின் இயல்பான நீட்சிகளே. விளையாட்டுத் தொழிலாளர் அண்மைக் காலத்திலே பல நாடுகளிற் தொழிற்சங்கம் அமைக்கத் தொடங்கியிருக்கின்றனர். சம்பளமும் வேலைநேரமும் அவர்களின் முதற் கோரிக்கைகளாக இருப்பது இயல்பே. தாம் ஆக்கியதை உலகம் காணவேண்டும் என்ற கோரிக்கையும் அவற்றோடு சேரவேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எந்த ஆக்கத்தைக் கையிலெடுத்தாலும் இதனை ஆக்கியவர் யார் என்று கேட்பதோடு, இதற்குப் பக்கத்திலே இருந்திருக்கவேண்டியது எது, அதனை எமக்குக் காட்டாதவர் யார் என்றும் கேட்கப் பழகுதல் வேண்டும். கலை வரலாறு என்று எமக்குக் கற்பிக்கப்படுவது வெளியிட அனுமதிக்கப்பட்டவற்றின் வரலாறே. அனுமதிக்கும் உரிமை உடைமையாளரிடம் மட்டும் இருக்கும்வரை அவ்வரலாறு அவர்களுடைய வரலாறாகவே இருந்துவரும்.